சுளிக்காத முகம் வேண்டும்

கூட்டத்தைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசைக்குப் பெருமை சேர்க்கும் மூத்தோரே, வேலை முடித்த களைப்போடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, வாசலோரம் நின்றே கேட்கும் வாலிபர்களே! பேறுகாலச் செவிலியாகிய என் பணிவான வணக்கம்.

வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பெண் குடிப்பாளா? கேட்டதுமே முகம் சுளிக்கிறோம். சுளித்த முகத்தின் முன்னே எவள் வாய் திறப்பாள்? வாய் திறக்காதவளை எந்த மருத்துவம் காப்பாற்றும்? ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். சொல்லுங்கள் என்று அவளே அனுமதி தந்திருக்கிறாள்.

மீன் பதப்படுத்தும் கூடத்தில், பனிக்கட்டிக்கு நடுவே நின்று மீன் வெட்டுகிறவள். விரல் விறைக்கும், இடுப்பு இற்றுப்போகும். வேலை முடிந்ததும் தோழிகளோடு ஒரு மடக்கு, வீட்டில் கணவனோடு ஒரு மடக்கு. மடக்கு குவளையானது, குவளை வழக்கமானது. அந்த வேளையில்தான் அவள் உண்டானாள்.

மாமியாரோடு மருத்துவமனைக்கு வந்தாள். "குடிப்பழக்கம் உண்டா?" என்றேன். மாமியார் முந்திக்கொண்டார்: "எங்க வீட்டுப் பொண்ணப் பாத்துக் கேக்குற கேள்வியாம்மா இது?"

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"திட்ட மாட்டேன். தெரிஞ்சாத்தான் உதவ முடியும். சொல்லும்மா."

"தினமும் குடிக்கிறேன் சிஸ்டர். விட்டுப் பாத்தேன், ஒடம்பு உதறுது. என் புள்ள போயிடுச்சா?"

கருவியை வயிற்றில் வைத்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தேன். அழுதுவிட்டாள்.

முன்வரிசையிலிருந்து என்ன சொல்கிறீர்கள் ஐயா? பீர் பரவாயில்லையா? சிரிக்காதீர்கள், வீட்டுக்கு வீடு உள்ள கேள்வி. பீரானாலும் பிராந்தியானாலும் தாயின் ரத்தத்தில் கலந்தது தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். மூளை உருவாகும் காலம் அது. இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று எந்த மருத்துவராலும் அளந்து சொல்ல முடியாது.

தினமும் நிறையக் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே மருத்துவர் அவளை வார்டில் சேர்த்து, மருந்து கொடுத்து நிறுத்தினார். மானம் போச்சே என்று கணவர் கத்திக்கொண்டே வந்தார். "ஊத்திக் கொடுத்தது யாருங்க?" என்றேன். அன்றே தன் புட்டியையும் கொட்டினார்.

வார்டுக்கு வந்த மாமியாரைக் கண்டதும் அவள் மிரண்டாள். "அத்தை, என்னைத் துரத்திடுவீங்களா?"

"துரத்துறதா? நீ போயிட்டா நான் யாரோடடி சண்டை போடுறது? ஒடம்பத் தேத்திக்கிட்டு வீட்டுக்கு வா."

வீடு திரும்பியபின் ஒருமுறை சறுக்கிக் குடித்துவிட்டாள். மறுநாளே தானாக வந்து சொன்னாள். வெற்றி எது தெரியுமா தாய்மார்களே? சறுக்காதது அல்ல, மறைக்காமல் வந்து நின்றது!

பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. இப்போது ஓடுகிறாள், பேச்சு மட்டும் தாமதம். குடிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு முறை வைத்து அழைத்து வருகிறார்கள், ஒருமுறை அம்மா, ஒருமுறை அப்பா.

கணவன்மார்களே, அவளோடு சேர்ந்து நீங்களும் நிறுத்துங்கள்! தோழிகளே, அவள் கையில் குவளையைத் திணிக்காதீர்கள்! மாமியார்களே, ஏசாமல் அழைத்து வாருங்கள்! ஐந்தாம் மாதமானாலும் வரட்டும், எட்டாம் மாதமானாலும் வரட்டும். நிறுத்திய நாள்முதல் பிள்ளைக்கு நன்மைதான். தாயைத் தலைகுனிய வைத்து எந்தப் பிள்ளையையும் நாம் தலைநிமிர வைக்க முடியாது!

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. பிறந்த பிள்ளைகளுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்து. வணக்கம்.