வெள்ளைக்குக் கட்சி இல்லை

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்குப் பின்னால் இருந்த பெண் திடீரென்று சொன்னாள்:

"சார், எம் புருசன் நல்லா உசுரோடதான் இருக்காருங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் மட்டும் பண்பாக ஜன்னலைப் பார்த்தபடி காதைத் திருப்பினேன்.

"நான் இல்லேன்னு சொன்னேனாம்மா?" பக்கத்தில் இருந்தவர் பதறினார். அவர் அவளுடைய ஆபீஸ் மேனேஜர் என்பது பிறகு புரிந்தது.

"பின்ன எதுக்குங்க ஆபீஸ் பொம்பளைகளுக்கு யூனிபோம் வெள்ளைச் சேலைதான்னு முடிவு பண்ணுனீங்க?"

"மொதலாளி முடிவும்மா. எலெக்சன் நேரம். பச்சை ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி, செவப்பு இன்னொரு கட்சி. வெள்ளைக்குத்தான் கட்சி இல்லேன்னாரு. அவரு சம்சாரம், நம்ம நோனாவும் புத்தர் கோயிலு பன்சலைக்கு வெள்ளையிலதானே போறாங்க?"

"நோனா வீட்டுக்கு வந்து மாத்திக்குவாங்க. நான் தெனமும் தோட்டத்து லயத்து வீடுக வழியா நடக்கணும். மாமியா வாசல்லயே ஒப்பாரி வச்சிரும். அதுக்கு வேலைய விட்டுர்றேங்க."

"அவசரப்படாதம்மா."

"வீட்டுல ஒங்க சம்சாரத்த ஒருதரம் வெள்ளை கட்டச் சொல்லி, நீங்க எதுக்க நின்னு பாருங்க, சார்."

நிவித்திகலை வந்தது. இறங்கும்போது மேனேஜர் கண்டக்டரிடம் சிங்களத்தில் மெல்லக் கேட்டார்:

"தம்பி, மஞ்சளுக்குக் கட்சி ஏதும் இருக்கா?"