நீல ஆள்

கயிற்றுக்காரர்: எங்கேம்மா இந்தப் படத்துல நாங்க? நாலு பேர் நின்னு கயிறு இழுத்தோமே!

தம்பி மனைவி: அழிச்சாச்சு மாமா.

கயிற்றுக்காரர்: என்னையுமா?

தம்பி மனைவி: உங்களை மட்டும் விட்டு வைக்கவா? ஹீரோ பறக்கிறப்ப பின்னாடி நாலு பேர் கயிறைப் பிடிச்சுக்கிட்டு, நாக்கைத் தள்ளிக்கிட்டு...

கயிற்றுக்காரர்: நாங்க மறைச்ச இடத்துல செங்கல் கூடத் தெரியுதே!

தம்பி மனைவி: அதுவும் மிஷின் போட்டதுதான். பக்கத்துச் செங்கலைப் பார்த்து தானாவே போட்டுக்கும். உங்க நிழலைக்கூட விடலை.

கயிற்றுக்காரர்: அடேங்கப்பா... எத்தனை நாள் ஆச்சு?

தம்பி மனைவி: முன்னாடின்னா பத்து நாள். ஒரு நொடிக்கு இருபத்தி நாலு படம். ஒவ்வொண்ணுலயும் ஆளைச் சுத்தி மவுஸால கோடு இழுக்கணும். மணிக்கட்டுல பட்டை கட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே, எதனாலன்னு நினைச்சீங்க? இப்ப ஆளுக்கு ஒரு புள்ளி வெச்சேன். டீ குடிச்சிட்டு வந்தேன். முடிஞ்சு கிடக்கு.

கயிற்றுக்காரர்: மூணு நாள் இழுத்தோம். ஒரே டீயில காலி! அப்போ... நாங்க எங்கேயும் இல்லை? சுத்தமா?

தம்பி மனைவி: அப்படிச் சொல்லிட முடியாது. ஒருத்தரை அழிக்கணும்னா மிஷின் முதல்ல அவரைக் கண்டுபிடிக்கணும்ல? இருங்க... இதைப் பாருங்க.

கயிற்றுக்காரர்: என்ன இது? இருட்டுல நாலு கலர் ஆடுது...

தம்பி மனைவி: நீங்க நாலு பேருதான். எல்லாருக்கும் ஒரே கறுப்புச் சட்டை, ஒரே ஹெல்மெட். யார் கை, யார் கால்னு தெரியலைன்னு ஃபைட் மாஸ்டரே கையை விரிச்சாரு. இது பிரிச்சு வெச்சிருக்கு. விரல் வரைக்கும்!

கயிற்றுக்காரர்: விரல் வரைக்குமா... போதும்மா, நிறுத்து.

தம்பி மனைவி: ஏன்? ஹீரோவுக்கு டூப் போட்டவர் இன்னும் கீழே விழலையே.

கயிற்றுக்காரர்: அதை எதுக்குப் பார்க்கணும்? பாவம், காலொடிஞ்சு படுத்திருக்கான். அந்த இடம் படத்துல வராதுல்ல?

தம்பி மனைவி: வராது. ஆனா மிஷின் கடைசி வரைக்கும் பார்த்திருக்கு. அந்த மஞ்சள் ஆளைப் பாருங்க... கயிறு தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போகுது, முட்டி தேயுது, அப்பவும் கையை விடலை. யார் மாமா அது?

கயிற்றுக்காரர்: எவனோ.

தம்பி மனைவி: உங்களை மாதிரியே வலது தோளைத் தூக்கிக்கிட்டு நிக்கிற எவனோ!

கயிற்றுக்காரர்: கயிறை விட்டது நான்தான்னு மாஸ்டர்கிட்ட சொல்லியாச்சு. இனிமே கயிறைத் தொடாதேன்னுட்டாரு. அதோட விடு.

தம்பி மனைவி: அப்போ இந்த நீல ஆள் ஏன் கயிறில்லாம ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு?

கயிற்றுக்காரர்: அதையும் அழிச்சிடும்மா. கையெடுத்துக் கும்பிடறேன்.

தம்பி மனைவி: ஏழு வருஷமா என் வீட்டுக்குள்ள நடக்கிற ஆள் மாமா. எனக்கு முகம் வேற வேணுமா?

கயிற்றுக்காரர்: ...தெரிஞ்சேதான் காட்டினியா? அவன் வேலைக்கு வந்து ஆறு மாசந்தான் ஆகுது. இப்பவே பேர் கெட்டா ஒருத்தன் கூப்பிடமாட்டான். நான் இருபது வருஷம் இழுத்தாச்சு, எனக்கென்ன? மாஸ்டர் கண்ணுல மட்டும் இது பட்டா...

தம்பி மனைவி: காலையிலயே பார்த்துட்டாரு.

கயிற்றுக்காரர்: ஐயோ! கட்டினவனையே காட்டிக் கொடுத்தியா?

தம்பி மனைவி: நான் பொத்தானைத்தான் அழுத்தினேன் மாமா. மாஸ்டரைக் கையோட கூட்டிட்டு வந்து, அந்த நீலத்து மேல விரலை வெச்சு, ‘இது நான்’னு சொன்னது உங்க தம்பி.