காரைமடுவில் ஒரு குட்டை

— இல்லாத குட்டையை மேப்புல போட்டுட்டேன், லட்சுமணன் ஜி. உள்ள கமிட்டி முன்னால போனதும் அதைத்தான் சொல்லப் போறேன்.

— ஏனுங்க விஜயலக்ஷ்மி மேடம், கூப்புட இன்னும் நேரம் கெடக்குதுங்களே. மொதல்ல இந்தக் கடலையத் தின்னுங்க. வெயிலு என்ன சொகமா இருக்குது! டில்லிக்கு ரெண்டு நாளு ரயில்ல வந்தது, புல்லு மேல உக்காந்தும் ஒடம்பு இன்னும் ஆடிட்டே இருக்குதுங்க. கண்ணை மூடுனா மரமெல்லாம் பின்னால ஓடுது.

— நான் விளையாட்டுக்குச் சொல்லலை.

— எந்தக் குட்டைங்க?

— உங்க காட்டு ரேஞ்சுலதான். காரைமடுவு. அந்த ஒரு குட்டையைக் காட்டித்தான் எங்க ஆபீஸ் அங்க வரப்போற ரோட்டை நிறுத்தி வச்சிருக்கு. குட்டை இருந்தா ரோடு மலையைச் சுத்திப் போகும். இல்லேன்னா காட்டைப் பொளந்துண்டு நேரா. இன்னிக்கு கமிட்டி முடிவு பண்ணிடும். அவ்வளவுதான்.

— அதுக்குத்தானுங்களே என்னையக் கூட்டியாந்தீங்க. காட்டு வாட்சரு நேர்ல பாத்தவன், அவனே சொல்லட்டும்னு.

— தொண்ணூத்தாறு ஜூலை மாசம். உங்க பக்கத்து பழைய மேப் ஒண்ணு, கையால வரைஞ்சது, ஓடையெல்லாம் நீல இங்க். டேபிள்ல விரிச்சு வச்சுட்டு சனி ஞாயிறு லீவுல போயிட்டேன். நல்ல மழை. எங்க ஆபீஸ் கூரை ஒழுகி, ஒரு சொட்டு ஓடை மேல விழுந்திருக்கு. திங்கட்கிழமை வந்து பார்த்தா இங்க் பரவி எல்லாம் காய்ஞ்சு, அழகா ஒரு குட்டை. நிஜக் குட்டைன்னே நம்பி அதை ஸ்கேன் பண்ணி, ஓரத்தோட ஓரமா மவுஸை நகர்த்தி நகர்த்தி வரைஞ்சேன். எவ்வளவு ஆசையா வரைஞ்சேன் தெரியுமா? தண்ணிக்கு வர்ற ஆனையெல்லாம் ஸ்கிரீன்லயே தெரிஞ்ச மாதிரி இருந்தது.

— அப்ப அந்தக் குட்டையில இருக்கறது டில்லி மழைங்களா?

— கிண்டல் பண்ணாதீங்க. நேத்து சாயங்காலம் அதே மேப்போட இன்னொரு காப்பி கிடைச்சது. அதுல வெறும் ஓடைதான். குட்டையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நிமிர்ந்து பார்த்தேன், கூரையில அந்த ஒழுகின கறை அப்படியே இருக்கு. அழுதுட்டேன்.

— அழுவாதீங்க. குட்டை இருக்குதுங்க மேடம்.

— எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

— பொய்யில்லீங்க. வடக்கால அகலமா இருக்கும். தெக்கால வாலு மாதிரி சன்னமா நீண்டுட்டுப் போகும்.

— அது அந்தச் சொட்டு வழிஞ்ச தடம்! நீங்க மேப்பைப் பார்த்துட்டுச் சொல்றீங்க.

— மேப்பைப் பாத்துத்தானுங்க வெட்டுனோம்.

— வெட்டினீங்களா?

— மேப்பு ரேஞ்சுக்கு வந்துச்சுங்களா, ரேஞ்சரு கேக்கறாரு, "குட்டை எங்கடா?"ன்னு. நாலு பேரு தேடறோம், தேடறோம், வெறும் முள்ளுக்காடு. இல்லைன்னு எழுதுனா, இருந்த குட்டை எங்க போச்சுன்னு மேல இருந்து கேப்பாங்கல்லங்க? தூர்ந்து போச்சுன்னு எழுதிப்புட்டாரு. மூணே மாசம், தூர் வாரச் சொல்லி உத்தரவு வந்துருச்சு. முப்பது ஆளு, இருவது நாளு. ரேஞ்சரு மேப்பைக் கையில புடிச்சுட்டே நின்னாருங்க. அந்த வாலைக்கூட விடலை.

— ஹே பகவான்!

— மறு வருசம் ஐப்பசியில மழை புடிச்சுது. ஒரு நா காத்தால போயிப் பாக்கறேன், வானம் அப்புடியே கீழ கெடக்குதுங்க. இதை வரைஞ்சவங்க யாரோ, ஒருக்கா வந்து பாக்கோணும்னு நெனச்சேன்.

— நான் காட்டையே பார்த்ததில்லை, லட்சுமணன் ஜி. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளர்ந்தவ. பத்து வருஷமா காடு வரையறேன், ஆனையைப் பார்த்தது ஜூவுலதான்.

— அதுனால என்னங்க.

— இல்லை, தப்பு தப்புதான். குட்டை, மத்லப், அதாவது, நாமளே பண்ணினது. கமிட்டிக்கு லெட்டர்கூட எழுதிப் பையில வச்சிருக்கேன். குட்டை போனாப் போகட்டும். ஆனைப் பாதைன்னு பச்சைக் கோடு ஒண்ணு போட்டிருக்கேனே, அது நிக்கும் இல்லையா?

— அதை எதை வச்சுப் போட்டீங்க?

— குட்டையை வச்சுத்தான். தண்ணி இங்க இருந்தா மலையிலேருந்து இப்படித்தான் இறங்கும்னு ஒரு யூகம். ஏன் கேக்கறீங்க?

— அந்தாங்க, பியூன் கையக் காட்டறாரு. எந்திரிங்க.

— முதல்ல சொல்லுங்க. அந்த வழியா ஆனை எப்பவும் போறதுதானே?

— முன்னெல்லாம் அக்கட்டால ஆனையே வந்ததில்லீங்க மேடம். குட்டை ரொம்புன மூணாம் மாசம் ஒரு பொட்டையானை குட்டியோட எறங்குச்சு. இப்ப பதினோரு உருப்படி, நீங்க போட்ட கோட்டு மேலயேதான் நடந்து வந்து தண்ணி குடிச்சுட்டுப் போகுதுங்க.