வலி என்று மட்டும் சொன்னால்

இந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன், ஐயா. இடது காது எனக்குச் சரியாகக் கேட்காது. ஒரே கேள்வியை நீங்கள் இரண்டு முறை கேட்க வேண்டிவந்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்கிறேன். இந்த இலோய்லோ துறைமுகத்தில் எங்கள் நிறுவனம் கப்பல்களுக்கு ஆள் அனுப்புகிறது. நடுக்கடலில் இருக்கும் மாலுமிக்கு ஏதாவது வேண்டுமென்றால் போனில் எழுதுவார். அதைப் படிப்பது மனிதர் இல்லை, ஏஐ ஏஜென்ட் என்ற மென்பொருள். அதன் கையில் இருபது கருவிகள் உண்டு. விடுப்பு நாளைப் பார்க்க ஒன்று, வீட்டுக்குச் செய்தி அனுப்ப ஒன்று, கரையில் இருக்கும் எங்கள் மருத்துவரோடு இணைக்க ஒன்று. எதை எப்போது எடுப்பது என்று அதற்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் நான் எழுதி வைத்திருக்கும் நாலைந்து வரி விளக்கத்தைத்தான் அது நம்பும்.

எழுதியதைச் சோதித்துப் பார்ப்பவள் கிளாரிபெல். பக்கத்து மேஜை. ஐந்து வருடமாக மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அவள் கணவர் தியோடுலோவும் என் கணவர் ரொதெலும் எங்கள் நிறுவனம் வழியாகவே கடலுக்குப் போனவர்கள், வேறு வேறு கப்பலில்.

ரொதெலுக்கு ஒன்பது மாத ஒப்பந்தம். அந்த ஒன்பது மாதமும் வீடு அமைதியாக இருக்கும். இரண்டு முறை முதுகுவலி என்று அந்த மருத்துவரிடம் சொல்லி, அவர் அனுமதியோடு பாதியிலேயே வந்துவிட்டார். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. முதல் முறை என் மணிக்கட்டு உடைந்தது. இரண்டாவது முறை இந்தக் காது. எங்காவது போயிருக்கலாமே என்பீர்கள். பக்கத்து வீட்டில் அவருடைய தம்பி இருக்கிறார். நான் கடைக்குப் போனாலும் செய்தி போய்விடும். இந்த நாட்டுச் சட்டத்தில் விவாகரத்தே இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது பயணத்தின் நான்காம் மாதம் அவர் கப்பலிலிருந்து போனில் பேசினார்.

"முதுகு மறுபடி வலிக்குது, நெலியா. டாக்டர்கிட்ட சொல்லிச் சீக்கிரமே வந்துடறேன். பூட்டை மாத்தியிருக்கியாமே?"

அதே வாரம் எங்கள் மேலாளர் எர்வின் சார் என் மேஜைக்கு வந்தார். மாலுமிகள் தொட்டதற்கெல்லாம் நச்சரிக்கிறார்கள் என்று மருத்துவர் புகார் சொல்கிறாராம். "அந்தக் கருவியக் கொஞ்சம் இறுக்கிவிடும்மா" என்றார். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அது என் முடிவு.

பழைய விளக்கத்தில், சந்தேகம் இருந்தால் மருத்துவரோடு இணைக்கவும் என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: "ரத்தப்போக்கு, மயக்கம், எலும்பு முறிவு இருந்தால் மட்டும் இந்தக் கருவியைப் பயன்படுத்தவும். வலி என்று மட்டும் சொன்னால் பயன்படுத்த வேண்டாம். ஓய்வுக் குறிப்பை அனுப்பவும்."

கிளாரிபெல் சோதித்தாள். "உன் வரியில மட்டும் ஏஜென்ட் ஒரு தடவகூட தடுமாறாதுக்கா" என்றாள்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை எர்வின் சார் அறையிலிருந்து வெளியே வந்தார். நம் ஆள் ஒருவர் கப்பலில் இறந்துவிட்டார், பெயரை இன்னும் சொல்லவில்லை என்றார். பெயர் வரப் பத்து நிமிடம் ஆனது. கிளாரிபெல் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். நானும் ஜெபித்தேன், ரொதெலின் பெயராக இருக்க வேண்டும் என்று.

தியோடுலோ.

அடக்கம் முடிந்து வந்து பதிவுகளைத் திறந்தேன். அவர் இரண்டு முறை எழுதியிருந்தார். "வலது பக்கம் வயிறு வலிக்குது, நிமிர முடியல." இரண்டு முறையும் ஓய்வெடுக்கச் சொல்லிக் குறிப்பு போயிருந்தது. ஆபீஸே ஓய்வெடுக்கச் சொன்ன பிறகு கேப்டனும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது செய்தியைக் கேப்டன்தான் எழுதினார். அதில் மயக்கம் என்ற சொல் இருந்தது. ஏஜென்ட் அந்த நொடியே மருத்துவரை இணைத்தது. கரை இரண்டு நாள் தூரத்தில் இருந்தது.

அன்றைக்கே அந்தப் பழைய வரியைத் திரும்பப் போட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் ரொதெலின் ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு வாரம் பாக்கி இருந்தது. அந்த மாதம் மட்டும் அவர் முதுகைப் பற்றி மூன்று முறை எழுதியிருந்தார். திரையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த ஏழு வாரத்தில் இன்னும் இருவர் வலி என்று எழுதினார்கள். ஒருவரால் இப்போது நடக்க முடியாது. மற்றவரின் பெயர் உங்கள் கோப்பில் தியோடுலோவின் பெயருக்குக் கீழே இருக்கிறது.

ரொதெல் ஒப்பந்தம் முடிந்த தேதியில்தான், நல்ல உடம்போடு வந்து இறங்கினார். இப்போதும் வீட்டில்தான் இருக்கிறார்.

நேற்று எர்வின் சார் சொன்னார்: "விளக்கம் தெளிவா இல்ல, ஏஜென்ட் தப்பாப் புரிஞ்சுக்கிச்சுன்னு சொல்லிடு. எழுத்துப் பிழைக்கு யாரும் ஜெயிலுக்குப் போறதில்ல." அப்படிச் சொல்ல என்னால் முடியாது, ஐயா. ஏஜென்ட் சரியாகத்தான் புரிந்துகொண்டது. நான் நினைத்ததைத்தான் எழுதினேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கிளாரிபெல்லிடம் இதைச் சொல்லும்போது என்னையும் கூப்பிடுங்கள், நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். தியோடுலோ போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மத்தியானம் நான் ஊட்டாத குறைதான். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?