பிரிந்த தையல்

— அசையாம குப்புறப் படுங்க ஐயா. சேசுவே, என்ன இது! ஏழு தையல்ல நாலு பிரிஞ்சு கெடக்கு. என்ன செஞ்சீங்க?

— தும்மினேன், லூர்துராணியம்மா.

— மூக்கு எங்க இருக்கு, தையல் எங்க இருக்கு?

— பலமான தும்மல். என்ன நான் சொல்றது, வெங்காய வியாபாரி தும்மினா காந்தி மார்க்கெட்டே...

— மார்க்கெட்டை விடுங்க. வால் எலும்பை எடுத்து பத்து நாள்தான் ஆகுது. மூணு வாரம் உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லித்தானே வீட்டுக்கு அனுப்பினாரு? நர்சு நானும் தலையில அடிச்சுக்கிட்டேன். உக்காந்தீங்களா, இல்லியா?

— லேசா.

— எவ்வளவு நேரம்?

— ஒண்ணரை மணி நேரம் இருக்கும்.

— சேசுவே! மெத்தையிலயா?

— ஜமுக்காளத்துல. சம்மணம் போட்டு. கோவப்படாதீங்க. எம் பொண்ணு வள்ளிக்கண்ணுக்கு நேத்து வையம்பட்டியில நிச்சயம். ரெண்டு சம்பந்தியும் எதிரெதிரா உக்காந்துதான் தட்டு மாத்தணும். பொண்ணைப் பெத்தவன் நின்னா சபை என்ன நினைக்கும்?

— ஆபரேஷன்னு சொல்ல வேண்டியதுதானே?

— எந்த இடத்துலன்னு கேப்பாங்களே! வயித்து வலின்னு ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். என்ன நான் சொல்றது, விஷயம் தெரிஞ்சா வாலறுந்த பெரியண்ணன்னுதான் கூப்பிடுவானுங்க. கல்யாணப் பத்திரிகையில அதைப் போட முடியுமா?

— ரத்தம் வந்தாலும் கௌரவம் போகக் கூடாதாக்கும். டாக்டர் வந்து பாக்கட்டும். சீழ் வச்சிருந்தா தைக்கவும் மாட்டாரு. திறந்தே விட்டு, தினம் துணி திணிச்சு, மாசக்கணக்குல ஆறணும். பல்லைக் கடிச்சுக்குங்க, துடைக்கிறேன்.

— ஆ! போகட்டும்... பொண்ணு காரியம் முடிஞ்சுதே, அது போதும்.

— யாரும்மா அது, கேக்காம உள்ள வரது?

— இவரு சம்சாரம், மயிலம்மாள். நல்லா இருக்கு போங்க, நீங்க படுத்திருக்கிற அழகு! காரியம் முடிஞ்சுதாம்ல? நீங்க விடியக்காலை பஸ் ஏறின கையோட மாப்பிள்ளையோட அப்பா வந்துட்டாரு. தட்டைத் திருப்பிக் குடுக்க.

— தர்மராஜா? என்னடி சொல்றே?

— நிச்சய ஓலை படிக்கிறப்போ நீங்க மூஞ்சியைச் சுளிச்சீங்களாம். அவரு சிரிச்சா நீங்க பல்லைக் கடிச்சீங்களாம். தட்டு கைக்கு வந்ததும் எந்திரிச்சு உள்ள போயிட்டீங்களாம். இஷ்டமில்லாத வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்ங்கிறாரு. நல்லா இருக்கு போங்க, உங்க கௌரவம். அங்க புள்ள பச்சைத் தண்ணி குடிக்காம அழுவுது.

— ஆபரேஷன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே மயிலு!

— சொன்னேன். நேத்து வயித்து வலி, இன்னிக்கு வேற இடமா, நாளைக்கு எந்த இடம்னு கேக்குறாரு. நானே நேர்ல பாக்குறேன்னு கூடவே பஸ் ஏறிட்டாரு. வாசல்ல நிக்கிறாரு.

— இதுக்கு ஏன் பதறுறீங்க? கட்டுப் போட்டு, நல்லாப் போத்திட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுறேன்.

— சீட்டு இங்கிலீஷ்ல இருக்கும், அவரு கைநாட்டு. கட்டு இப்ப வேணாம் நர்சம்மா. அந்தப் போர்வையையும் எடுத்துடுங்க. மயிலு, சம்பந்தியை உள்ள வரச் சொல்லு.