வேர்மண் பார்த்த விரல்கள்

மண்ணறிந்து செடியறிந்த மாண்பே! மாமல்லைக் கடற்காற்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குடைபிடித்து நடந்த குணக்குன்றே! செங்கல்பட்டு ஏற்றுமதிச் செடிப் பரிசோதனை அலுவலகத்தின் ஏற்றமே, மார்கரெட் அம்மையாரே, வணக்கம்! உங்கள் கதையை உங்களை வைத்துக்கொண்டே சபைக்குச் சொல்லப்போகிறோம். குறுக்கே பேசக் கூடாது.

காட்டில் பெயர்த்த அரிய செடி கடல் தாண்டக் கூடாது, நாற்றங்காலில் விதையூன்றி வளர்த்தது சான்றிதழோடு போகலாம் என்பது நாடுகள் கூடிச் செய்த சட்டம். எங்களுக்கெல்லாம் சட்டம் மனப்பாடம். திருக்கழுக்குன்றத்தருகே பிறர் வயலில் உழைத்தவர்களின் மகளான அம்மையாருக்கோ மண்ணே மனப்பாடம். தாளைப் புரட்டுமுன் தொட்டிக்குள் விரலை விட்டுவிடுவார். கடலோர நாற்றங்கால் மணல் என்றால் கையெழுத்து, காட்டு மலைச் செம்மண் என்றால் மறுபேச்சே இல்லாமல் திருப்பி அனுப்பிவிடுவார்.

கடந்த மே மாதம், பணி ஓய்வுக்கு இருபதே நாள் இருக்கையில், திருப்போரூர்ச் சாலைப் பண்ணை ஒன்றிலிருந்து நாற்பது பெட்டிகளில் சைக்கஸ் என்னும், சிறு பனை போன்ற அரிய செடிகள் வந்தன. பதினைந்து ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்ல முடியாத பண்ணை. வெளியே கோடை மழை கொட்ட, லாரிக்காரர் அவசரப்படுத்தினார். நம்பிக்கையின் பேரில், வேரைத் தொடாமலேயே ஈரப் பெட்டிகள்மீது முத்திரை குத்திவிட்டார் அம்மையார். மறுநாள் காலை முத்திரைக் கட்டையைத் துடைத்தவர், அதன் ஓரத்தில் செம்மண் ஒட்டியிருக்கக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். பெட்டிகளோ துறைமுகம் சேர்ந்திருந்தன.

தவற்றை எழுதிக் கொடுத்தால் விசாரணை வரும், ஓய்வு ஆணை நிற்கும், பிரிவு விழாவும் போகும் என்று ஆளாளுக்கு எடுத்துச் சொன்னோம். "இருவது நாள்தான் கீது மேடம், கண்டுக்காம வுடுங்க" என்று கெஞ்சினார் எழுத்தர் பார்த்திபன். அம்மையார் நிதானமாக உட்கார்ந்தார்.

"வேரைப் பாக்காம குத்தினது நான்தானே பார்த்திபா. துறைமுகத்துக்கு போன் போடு."

பெட்டிகள் திரும்பி வந்தன. பன்னிரண்டு செடிகளில் கோடரி பட்ட வேர்! காட்டில் பெயர்த்த செடிகளைத் தரகரிடம் வாங்கிக் கலந்ததாகப் பண்ணைக்காரர் ஒப்புக்கொண்டார். அம்மையாரின் ஓய்வு ஆணை நான்கு மாதம் நின்றது. கடைசியில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, அன்றும் பரிசோதனைக் கொட்டகைக்குப் போனார்.

அம்மையாரே! மே மாதமே உங்களுக்கொரு வாழ்த்து மடல் அச்சிட்டுக் கண்ணாடி போட்டு வைத்திருந்தோம். "பிழையே செய்யாத பெருந்தகையே" என்று அதில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தோம். நேற்று அதைப் படித்துவிட்டு, இது பொய், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அந்தத் தாளை எடுத்துவிட்டு, அதே கண்ணாடிக்குள் இப்போது வாசிக்கும் இந்த மடலை வைத்திருக்கிறோம். செய்த பிழையைக் கடல் தாண்ட விடாத பெருந்தகையே, நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! இதில் பொய் ஒன்றுமில்லை. வீட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்களிடம் வேர் பார்க்கக் கற்ற
அலுவலகத்தார்