கரண்டிக்கு எஸ் இல்லை

— நாளைக்கு இன்டர்வியூவுல போயி ரைஸஸ்னு சொல்லிப்போடாதீங்க. நூறு மூட்டை வடிச்சாலும் ரைஸ்தான்.

— ஏம்புள்ள பிரியா, ஐந்நூறு பசங்க திங்கற ஹாஸ்டல்ல பன்னெண்டு வருசமாக் கரண்டி புடிக்கறேன். அத்தன சோத்துக்கு ஒரு எஸ் கூடவா கெடையாது?

— கெடையாதுங்க. கரண்டியில அள்ளி ஊத்தறதுக்கு எஸ் இல்ல. சோறு, சாம்பாரு, தயிரு. எலையில எண்ணி வெக்கறதுக்குத்தான் எஸ். முட்டைன்னா எக்ஸ், பழம்னா பனானாஸ்.

— அதுசேரி. கோழி?

— பண்ணையில கொத்திக்கிட்டுத் திரியற வரைக்கும் சிக்கன்ஸ். உங்க குண்டாவுக்குள்ள உழுந்துட்டா சிக்கன்.

— இத மறக்க மாட்டேன். நூடுல்ஸு?

— ஒத்த நூடுல யாருங்க திம்பாங்க? எப்பவுமே எஸ்தான்.

— மீனு?

— நாலு வெச்சாலும் ஃபிஷ்தான். அது அழும்பு புடிச்சது, எந்தச் சட்டத்துக்கும் அடங்காது.

— பாடஞ் சொன்னா இப்படிச் சொல்லோணும். உன்ர இங்கிலீசு எம்.ஏ.வை ஏம்புள்ள பீரோவுல பூட்டி வெச்சிருக்கற?

— தெரியாத மாதிரிக் கேக்கறீங்க. அந்த ஸ்கூலு இன்டர்வியூவுக்கு வாசல் வரைக்கும் போயி, உள்ள நாலு பேரு கோட்டுப் போட்டு உக்காந்திருந்ததப் பாத்துட்டுத் திரும்பி வந்தவ நானு. ஏழு வருசமாச்சு. இன்னும் நெனச்சா வெக்கமா இருக்குது. அது கெடக்கட்டும், நேத்து பீரோவைக் கலைச்சது யாருங்க? என்ர சர்டிபிகேட்டெல்லாம் தலகீழாக் கெடக்குது.

— ரேசன் கார்டு தேடுனேன்.

— நாளைக்கு ஃபேர்லேண்ட்ஸ் கேட்டரிங் காலேஜுல இப்படி முழிக்காதீங்க. நிமுந்து உக்காரோணும். நமக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கோணும்.

— நெசமாலுமே பயப்பட வேண்டியதில்லையா?

— ஒரு துளிகூட வேண்டாங்க. கரண்டி புடிக்கறவங்களுக்கு இங்கிலீசு எப்படிப் புரியும்னு அங்க யாருக்குத் தெரியும்?

— அப்ப அதையே நெனச்சுக்கிட்டுக் காத்தால ஏழு மணிக்குப் பொறப்பட்டு நில்லு. வண்டியில கூட்டிக்கிட்டுப் போறேன்.

— நானெதுக்குங்க? சமையல் வேலைக்கு எழுதிப் போட்டது நீங்க.

— எழுதிப் போட்டது நாந்தான். இங்கிலீசு டீச்சர் வேலைக்கு, உன்ர பேர்ல.